திருப்பிப் படுக்க வைத்தவர்கள்

லாரிச் சக்கரத்தின் உள்டியூப் ஒன்றைத் தோளில் மாலைபோலப் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் எங்கள் மாட்டுங்கா வீட்டு மாடிப்படியில் ஏறி வந்தார். கையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு. யுத்தம் முடிந்ததற்கு அடுத்த வருஷம், மழை ஓய்ந்து வெயில் காயத் தொடங்கியிருந்த ஒரு காலை. கீழ்வீட்டு மாமி சத்தம் கேட்டுக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்தக் கட்டடத்திலே யாராத்திலயும் லாரி கிடையாதே" என்றாளாம். அவர் நின்று நிதானமாக, "லாரிக்கு இல்லம்மா. மாடியில இருக்க பெரியய்யாவுக்கு" என்று சொல்லிவிட்டு மேலே வந்தார். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, அந்த டியூபை இரண்டாக மடக்கிக் கட்டி, பாதிக் காற்று மட்டும் அடித்து, சோப்பு போட்டுக் கழுவி, என் கணவரின் பழைய வேஷ்டியால் சுற்றினார். தாராவியில் டயர் பட்டறை வைத்திருந்த சிநேகிதர் ஒருவர் கொடுத்ததாம். அன்று மத்தியானம் என் மாமனார் அதன்மேல் படுத்து, நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக முனகாமல் தூங்கினார்.

என் மாமனார் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பாலக்காட்டிலிருந்து இருபது வயதில் பம்பாய்க்கு வந்தவர். கோட்டு, தலைப்பாகை, நெற்றியில் சந்தனம், கைக்கடிகாரம் என்று இருந்த மனிதரை ஒரு நாள் பூஜையின் நடுவில் பக்கவாதம் சாய்த்துவிட்டது. வலது பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சும் போயிற்று. 'இல்லை', 'போரும்', 'ஜலம்' என்று நாலைந்து சொற்கள்தான் மிஞ்சின. ஒன்றரை வருஷம் படுக்கையிலேயே கிடந்ததில் முதுகுக்குக் கீழே, எலும்பு மேடிட்ட இடத்தில், புண் வந்துவிட்டது. முதலில் நகக்கண் அளவு. பிறகு உள்ளங்கை அளவு. மாமியார் உயிரோடு இல்லை. வீட்டில் நான், என் கணவர், அவர், மூன்றே பேர். வேலைக்கு வைத்த ஆட்கள் மூன்று பேரும் வாசனை தாங்காமல் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அந்த அறையின் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தோம்.

என் கணவரைப் பற்றி இதில் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் அந்த அறைக்குள் போக மாட்டார். தினமும் ஆபீஸுக்குக் கிளம்பும்போது நிலைப்படிக்கு வெளியே நின்று, "அப்பா, போயிட்டு வரேன்" என்பார். பதில் வருகிறதா என்று நிற்கக்கூட மாட்டார். செருப்புச் சத்தம் படியில் வேகமாக இறங்கும். கல் மனசு என்று நான் உள்ளுக்குள் பொருமியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அவரே சொன்னார்: "சின்ன வயசிலேருந்து அப்பாகிட்டே பயம்தான் எனக்கு. நமஸ்காரம் பண்றச்சே காலைத் தொட்டிருக்கேன். அவ்வளவுதான் நான் அவரைத் தொட்டது. இப்போ போயி..."  

எங்கள் டாக்டர்தான் வழி காட்டினார். "பட்டாளத்திலே ஆம்புலன்ஸ் யூனிட்டிலே இருந்தவன் ஒருத்தன், யுத்தம் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்பிச்சுட்டா. நோயாளியைப் பாத்துக்கறதிலே அவன் கை மாதிரி ஒரு கை நான் பார்த்ததில்லே. தாராவியிலே இருக்கான். ஜாதி கீதி கேக்காம வெச்சுக்கறதானா அனுப்பறேன்" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். உள்ளேயிருந்து முனகல் கேட்டது. "அனுப்புங்கோ" என்றார் கணவர். அப்பாவுக்கு மட்டும் ஆள் எங்கிருந்து வருகிறார் என்று தெரிய வேண்டாம் என்று அன்று மாலை எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து நின்றார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ஒல்லியான தேகம், காக்கி அரை நிக்கர், வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் உண்டு. ஆனால் பிறகு என் மாமனார் வாயில் வந்த 'சிப்பாய்' என்பதே எங்கள் வீட்டில் அவருக்குப் பெயராகிவிட்டது. அவருக்கும் அது பிடித்திருந்தது. அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். டியூபைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்ததாகச் சொன்னேனே, அது இவர்தான்; வேலைக்கு வந்த நாலைந்து நாளில்.

சிப்பாய் நேராக நோயாளியைத் தொடவில்லை. கட்டிலின் கால்பக்கம் போய், படுத்திருப்பவர் கண்ணில் படும்படி நின்றார். "ஐயா, நான் உங்களப் பாத்துக்கிட வந்திருக்கேன். பட்டாளத்துல இந்த வேலதான் பாத்தேன். இப்ப மொதல்ல சன்னலத் தொறக்கப் போறேன்" என்றார். திறந்தார். வெளிச்சம் வந்து விழுந்ததில் மாமனார் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். "இப்ப உங்கள இடது பக்கமாத் திருப்பப் போறேன். வலிக்கும். வலிச்சா எங் கையப் புடிச்சிக்கிடுங்க." அதற்குப் பிறகுதான் தொட்டார். ஒரு கை தோளுக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில். நானும் முன்னே வந்த ஆட்களும் இழுத்துப் புரட்டுவோமே, அப்படி இல்லை. ஒரே வீச்சில், தண்ணீரில் படகு திரும்புவதுபோல அந்தப் பெரிய உடம்பு திரும்பிற்று.

குளிப்பாட்டியபோது இன்னொன்றைக் கவனித்தேன். மேலே ஒரு மெல்லிய துணியைப் போர்த்திவிட்டு, அதற்கடியில் கையை விட்டுத்தான் துடைப்பார். துணி ஒரு விரற்கடைகூட விலகாது. அந்த வருஷங்களில் துணி ரேஷனில்தான் கிடைத்தது. நல்ல பழைய மல் துணிக்கு நான் பெட்டியெல்லாம் குடைந்தேன். "போர்த்தாமத் தொடைச்சாத்தான் என்ன, அறையிலே வேற யாரு இருக்கா" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "அவிய இருக்காவல்லாம்மா" என்றார், படுத்திருப்பவரைக் காட்டி.

புண்ணைப் பார்த்த டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், இந்த வயசில் இது ஆறாது, மாமனாருக்கு இன்னும் சில மாதங்கள்தான் என்று. சிப்பாயிடமும் அதைச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, உப்பு போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் ஆறிவிட்டதா என்று புறங்கையில் விட்டுப் பார்த்தார். "புண்ணு ஆறினா நல்லது. ஆறாட்டியும் அழுக்குல கெடக்கக் கூடாதுல்லா" என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை அவர் செய்வார். பிறகு என் முறை. கூடத்துக் கடிகாரம் அடிக்கும்போது அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கிவைத்துவிட்டு ஓடுவேன். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஓரளவு பிடிபட்டிருந்தது. முழுதாக வரவில்லை.

நாங்கள் மறைக்க நினைத்தது இரண்டாவது வாரமே உடைந்தது. காலையில் சிப்பாய் மாமனாருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் சோப்பு நுரை. நான் காப்பியோடு வாசலில் நின்றேன். மாமனார் வாய் கோணிக்கோணி ஏதோ சொல்ல முயன்று, கடைசியில் தெளிவாகவே கேட்டார்: "எந்த ஊர்?" வாழ்நாள் முழுவதும் புதிதாகப் பார்க்கிற எல்லோரிடமும் அவர் கேட்ட கேள்வி அது. பேச்சு போனாலும் அது போகவில்லை.

"சொந்த ஊரு திருநவேலிப் பக்கம்யா. இப்ப தாராவியில இருக்கோம். எங்க ஐயா தோல் ஷெட்டுல வேல பாக்காவ" என்றார் சிப்பாய். கத்தி கையில் அப்படியே நின்றது.

மாமனாரின் இடது கை எழுந்து அந்தக் கத்திக் கையைத் தள்ளிற்று. "போரும்." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாதி முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

சிப்பாய் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு வெளியே வந்தார். "பெரியய்யா வேண்டாம்னுட்டாவம்மா. அவிய சொல்லாம நான் தொடுததில்ல. பால்கனியில இருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது, அவர்மேலேயே. "ஒரு பொய் சொல்லியிருக்கப்படாதோ? வேற ஏதாவது ஒரு ஊர் பேர்?"

"தெனம் அவியகிட்ட, இப்பத் திருப்பப் போறேன், இப்ப வலிக்கும்னு உள்ளதத்தாம்மா சொல்லுதேன். இதுல பொய் சொல்லிட்டா, நாளைக்கு நான் வலிக்காதுன்னு சொன்னா எப்படி நம்புவாவ?" என்று கேட்டார். அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அப்போது அதைக் கவனிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

பதினொரு மணிக்குப் படுக்கை நனைந்தது. நானே மாற்றலாம் என்று போனேன். எனக்குத் தெரிந்த அளவுக்கு மெதுவாகத்தான் தூக்கினேன். ஆனால் அவர் உடம்பை விறைத்துக்கொண்டிருந்தார். நான் இழுக்க இழுக்க, புண் படுக்கையில் உரசி அவர் அலறினார். விட்டுவிட்டேன். மறுபடி முயன்றேன். மறுபடி அலறல். ஒரு மணி ஆயிற்று. ஈரத்திலேயே கிடந்தார். நான் கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் அழுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் பார்வை என்னைத் தாண்டிப் பால்கனிப் பக்கம் போயிற்று. உதடுகள் வெகுநேரம் அசைந்தன. "சி...ப்பாய்."

சிப்பாய் எழுந்து வந்து நிலைப்படியிலேயே நின்றார். "கூப்பிட்டீங்களாய்யா?"

"சிப்பாய்."

"அப்ப இடது பக்கமாத் திருப்பப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். படுக்கை மாறியது, புண் கழுவியாயிற்று, டியூபுக்குப் புது உறை போட்டாயிற்று. மறு கன்னத்துச் சவரமும் முடிந்தது. அதைப்பற்றி இரண்டு பேரும் பிறகு பேசவே இல்லை.

அறுபத்தெட்டு வருஷமாக மனத்தில் ஊறிப்போனது அந்த ஒரு மத்தியானத்தில் கரைந்துபோயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு ஒரு கை வேண்டியிருந்தது, கூப்பிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்குப் பின் நாட்கள் போகப் போக, வேறொன்றும் சேர்ந்துகொண்டது. மாலை ஆறு மணிக்குச் சிப்பாய் கிளம்பினால் மாமனார் கண் கதவு வரைக்கும் கூடவே போகும். காலையில் படியில் அவர் காலடி கேட்டால் இடது கை விரல்கள் போர்வைமேல் தாளம் போடும். நானும் என் பங்குக்குத் திருந்த வேண்டியிருந்தது. அதுவரை சிப்பாய்க்குக் காப்பி கொடுக்க ஒரு அலுமினிய டம்ளரைப் பால்கனி விளிம்பில் தனியாக வைத்திருந்தேன். ஒரு காலை, எதுவும் சொல்லாமல், நாங்கள் குடிக்கும் பித்தளை டம்ளரிலேயே கொடுத்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார். "டம்ளர் மாறிட்டு போலுக்கேம்மா" என்றார். "ஆமாம்" என்றேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சூடு நல்லா நிக்கி இதுல" என்றார். வந்த முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம் அது.

பிறகுதான் அந்த ஸ்டேஷன் விஷயம். புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது வலி பொறுக்க முடியாமல் மாமனார் பல்லைக் கடிப்பார். கவனத்தைத் திருப்பச் சிப்பாய் எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். ஒரு நாள், "தெனம் மாட்டுங்கா ஸ்டேஷன் பாலம் ஏறித்தான்யா வாரேன். இதுக்கு அடுத்தது சயான்லா?" என்றார். மாமனார் பல் கடிப்பதை நிறுத்தினார். "குர்லா" என்றார். சிப்பாய் கட்டுத் துணியோடு அப்படியே நின்றார். "பொறவு?" "காட்கோபர். பாண்டுப். முலுண்ட். தாணா." சமையலறையில் நின்ற நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தேன். ஒன்றரை வருஷமாக ஒரு முழு வாக்கியம் பேச முடியாத மனிதரின் வாயிலிருந்து, கூட்ஸ் ஆபீஸில் நாற்பது வருஷம் எழுதித் தேய்ந்த பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு எழுத்துக் குழறாமல் வந்துகொண்டிருந்தன. டாக்டரிடம் சொன்னபோது, வரிசையாக மனப்பாடமானது சிலருக்கு இப்படித் தப்பிப் பிழைப்பதுண்டு என்றார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. திருப்பிப் படுக்க வைக்க மாட்டுங்காவிலிருந்து குர்லா வரை. கட்டு மாற்றத் தாணா வரை. "இன்னைக்கு செத்த தோலு கொஞ்சம் வெட்டணும்யா, கல்யாண் வரைக்கும் போகணும்" என்று சிப்பாய் சொன்னால், மாமனார் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "மாட்டுங்கா" என்று தாமே வண்டியைக் கிளப்புவார். மும்ப்ரா, திவா, டோம்பிவிலி என்று வரும்போது குரலில் வலி தெரியும். கல்யாண் வந்ததும் ஒரு பெருமூச்சு. வலி எங்கே முடியும் என்று தெரிந்துவிட்டால் மனிதர் எவ்வளவு பொறுத்துக்கொள்கிறார் என்று நான் அங்கேதான் பார்த்தேன். கார்த்திகை மாதம் புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் தெரிந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

தை மாதம் அம்பர்நாத்தில் ஒரு ஃபாக்டரியில் பட்டாளத்திலிருந்து வந்தவர்களை வேலைக்கு எடுத்தார்கள். சிப்பாய் எழுதிப் போட்டிருந்தார்; கிடைத்துவிட்டது. நிலையான வேலை. பத்து நாளில் சேர வேண்டும். கூடத்தில் நின்று எங்களிடம் சொன்னார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் பார்த்துவிட்டார். "போகாம இருக்க முடியாதும்மா. வீட்டுல எனக்கும் ஆளுக இருக்காவ" என்றார். சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்கு அவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அது எனக்கு இப்போது யோசித்தால் பிடித்திருக்கிறது.

மாமனாரிடமும் அவரே சொன்னார், கால்பக்கம் நின்று, முதல் நாள் நின்றதுபோல. மாமனார் வெகுநேரம் அவரைப் பார்த்தார். "கல்யாண்" என்றார். பிறகு, அதுவரை சொல்லாத ஒரு பெயரைத் தேடி எடுத்து, "அம்பர்நாத்" என்றார். இடது கையால், போ என்பதுபோல் ஒரு சைகை. சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு டியூபில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். காற்று நன்றாகத்தான் இருந்தது.

அன்று மாலை என் கணவரை அவர் படியிலேயே நிறுத்திவிட்டார். "சார், அம்மா ஒத்தையில தூக்க முடியாது. நீங்க கத்துக்கிடணும். பத்து நாளு இருக்கு."

"எனக்கு... முடியும்னு தோணலே."

"முடியாதுன்னுதான் சார் எல்லாரும் ஆரம்பிக்கது."

மறுநாள் காலை என் கணவர் ஆபீஸுக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டு, அந்த நிலைப்படியைத் தாண்டினார். மகன் உள்ளே வருவதைப் பார்த்ததும் மாமனார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வெட்கம். அதுநாள் வரை மகன் மட்டும்தான் உள்ளே வர அஞ்சுகிறார் என்று நினைத்திருந்தேன். அப்பாவும் மகன் வந்துவிடக் கூடாதே என்று அஞ்சிக்கொண்டு கிடந்திருக்கிறார். கட்டைப் பிரித்ததும் என் கணவர் குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தார். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். "பரவால்ல சார், நானும் மொத வாரம் பூரா வாந்திதான்" என்றார் சிப்பாய். மூன்றாம் நாள் அவர் ஓடவில்லை. ஐந்தாம் நாள் துணிக்கடியில் கையை விட்டுத் துடைக்கப் பழகிவிட்டார். ஆனால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஏழாம் நாள் சிப்பாய் கையைக் கட்டிக்கொண்டு விலகி நின்றார். என் கணவர் தனியாகக் கட்டு மாற்றினார். பதற்றத்தில் ஸ்டேஷன்களையும் அவரே சொல்லிக்கொண்டு போனார். "சயான், குர்லா, காட்கோபர், முலுண்ட்..."

மாமனார் படக்கென்று கண்ணைத் திறந்தார். "பாண்டுப்!" என்றார், கோபமாக. கணக்கில் தப்பு விட்ட ஜூனியர் கிளார்க்கை அதட்டுகிற பழைய குரல்.

என் கணவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அப்பா முகமும் மகன் முகமும் ஒரு முழத்தில். "ஆமாம்ப்பா, பாண்டுப். விட்டுட்டேன்" என்றார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமனாரின் வாய், இழுத்துக்கொள்ளாத பக்கமாக, ஒரு கோடு மேலே போயிற்று. சிப்பாய் என்னைப் பார்த்து, "இனி நான் போலாம்மா" என்றார்.

அவர் போன பிறகு ஏழு வாரம் மாமனார் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சிப்பாய் அம்பர்நாத்திலிருந்து வண்டி ஏறி வந்து சவரம் செய்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மகன்தான். ஆபீஸிலிருந்து வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேரே அந்த அறைக்குத்தான் போவார். ஆபீஸில் நடந்ததை, சகாக்களின் சண்டையை, வண்டியில் கேட்டதை எல்லாம் அங்கே உட்கார்ந்து சொல்வார். முப்பது வருஷம் பேசாததைப் பேசுவதுபோல் இருக்கும். மாமனார் கேட்டுக்கொண்டிருப்பார். 'இல்லை' என்று சில இடங்களில் சரியாகச் சொல்வார்.

பங்குனியில் மார்ச்சளி பிடித்தது. டாக்டர் இனி மருந்து கொடுத்து இம்சிக்க வேண்டாம் என்றார். அன்று வியாழக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். பால்காரன் வந்து போயிருந்தான். என் கணவர், "அப்பா, இடது பக்கமாத் திருப்பறேன். மாட்டுங்கா" என்றார். பதில் இல்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. திருப்பிப் படுக்க வைத்து, முதுகுக்கு ஒத்தாசையாகத் தலையணையைச் சொருகிவிட்டு, அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன்களை இவரே சொன்னார். பாண்டுப்பை விடவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் மூச்சின் இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. கல்யாணுக்குப் பிறகு மூச்சு வரவில்லை. என் கணவர் நிறுத்தாமல் அம்பர்நாத் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

சான்றிதழ் எழுத வந்த டாக்டர், உடம்பைத் திருப்பிப் புண் இருந்த இடத்தைப் பார்த்தார். மூடியிருந்தது. ஒரு அணா அளவுக்கு வெளுத்த தழும்பு. "இந்த மாதிரி நான் பெரிய ஆஸ்பத்திரியிலேயும் பார்த்தது கிடையாது" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு எழுதினார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மறுவருஷம் சிப்பாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவருடைய அப்பா, தோல் ஷெட்டில் வேலை பார்த்தவர், நெஞ்சில் நோய் கண்டு படுத்துவிட்டார். சிப்பாய்க்கு வாரம் ஆறு நாள் அம்பர்நாத்தில் ஷிப்டு. அம்மாவுக்குத் தூக்க முடியவில்லை. உதவி என்று அவர் கேட்கவில்லை. வீட்டுச் செய்தியாகத்தான் சொன்னார். என் கணவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "உங்க ஆத்துக்கு எப்படி வரணும்? சயான் ரோடு பக்கமா, இல்லே இந்தப் பக்கமா?" என்று கேட்டார். சிப்பாய்க்கு முதலில் புரியவில்லை.

மறுநாளிலிருந்து என் கணவர் ஆபீஸ் விட்டதும் தாராவிக்குப் போகத் தொடங்கினார். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் அதுவரை நாங்கள் யாரும் அந்தப் பக்கம் நடந்ததில்லை. கட்டடத்தில் பேச்சு எழுந்தது. எதிர்வீட்டு மாமா ஒரு நாள் படியில் மறித்து, "இதெல்லாம் நன்னாவா இருக்கு?" என்று கேட்டார். "நன்னா இல்லைதான் மாமா, பாவம், அவருக்கு மூச்சு விடவே முடியலே" என்றார் என் கணவர். நிஜமாகவே நோயைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்று நினைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து நான் சொன்ன பிறகுதான் புரிந்தது.

நானும் ஒரு மாலை கூடப் போனேன். ஒற்றை அறை. தகரக் கூரை. சுவரோரம் கயிற்றுக் கட்டில். பெரியவர் எலும்பும் தோலுமாக, ஆனால் கண் நல்ல கூர்மையாக இருந்தார். வாயும் அப்படியே. "ஏ கிளார்க்கு, கை ஐசு மாதிரி இருக்குல்லா, தேச்சிட்டுத் தொடுமையா" என்றார். "எம் மவன் சவரம் பண்ணினா பட்டு மாதிரி இருக்கும். நீரு பண்ணினா கோழி கிண்டினாப்புல இருக்கு" என்றார். என் கணவர் உள்ளங்கையைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டு, "அண்ணாச்சி, இப்போ வலது பக்கம் திருப்பப் போறேன்" என்றார். அண்ணாச்சி என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சிப்பாயின் அம்மா எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, நான் குடிக்கிறேனா என்று பார்க்காததுபோல அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்தேன். ஏலக்காய் தூக்கலாக, நன்றாக இருந்தது.

பெரியவர் நாலு மாதம் இருந்தார். சிப்பாய் லீவு போட்டுக் கடைசி இரண்டு நாளும் கூடவே இருந்தார். பெரியவர் மகன் மடியில் தலை வைத்துத்தான் போனார்.

இப்போது நான் செம்பூரில் இருக்கிறேன். என் கணவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. சக்கரம் வைத்த கட்டில், காற்று மெத்தை, ஃபோன் செய்தால் வந்து நிற்கும் நர்ஸ் என்று எல்லாம் இருந்த காலத்தில் அவர் போனார். குறை ஒன்றும் இல்லை. ஆபீஸில் பெரிய பதவிவரை உயர்ந்தவர்தான். பிரிவுபசாரக் கூட்டத்தில் மாலையோடு எடுத்த படம் சுவரில் இருக்கிறது. பாராட்டைக் கேட்டுக் கூச்சத்தோடு குனிந்திருப்பார் அதில்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தப் படம் இல்லை. சிப்பாயின் அப்பாவுடைய காரியமெல்லாம் முடித்துத் தாராவியிலிருந்து அவர் திரும்பி வந்த சாயங்காலம்தான். சிப்பாயும் அவருமாக உடம்பைக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். குளித்துவிட்டு வந்து, தலை ஈரம் சொட்டச் சொட்டத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். நான் சாதம் போட்டேன். உடனே சாப்பிடவில்லை.

"நாலு மாசம் படுக்கையிலேயே இருந்திருக்கார்" என்றார். "முதுகிலே ஒரு கீறல் கிடையாது. நான் பார்த்தேன். ஒரு சின்னக் கீறல்கூட."

குரல் உடைந்திருந்தது. ஆனால் முகத்தில் இருந்தது பெருமை. அவர் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து ஒன்றைச் சொல்லி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிறகு சாதத்தைப் பிசைந்து, நல்ல பசியோடு சாப்பிட்டார்.